சரக்கு ரயிலுக்கு மட்டும் டீசல் வரி ஏன் இல்லை?

ஏப்ரல் 12, 2025

சிகாகோவுக்குத் தெற்கே ஜோலியட் பக்கம் 14 லாரி வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இந்த மாதம் 30ஆம் தேதிக்குள் இஃப்டா கணக்கைக் கொடுத்தாக வேண்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடினோம், எங்கே எத்தனை காலன் டீசல் போட்டோம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டிக் கழித்து, மாநிலங்களுக்குச் சேர வேண்டிய டீசல் வரியைப் பிரித்துக் கொடுக்கிற வேலை அது. மத்திய அரசின் வரி இந்தக் கணக்கில் வராது. அது காலனுக்கு 24.4 சென்ட், டீசல் போடும்போதே விலையோடு போய்விடும். வருடத்துக்கு ஒரு லட்சம் மைல், காலனுக்கு ஆறரை மைல் என்று வைத்துக்கொண்டால் ஒரு லாரிக்குச் சுமார் 3,750 டாலர். 14 லாரிக்கு 52,000 டாலருக்கு மேல். இதற்கு மேல் லாரிக்கு 550 டாலர் வருடாந்தரக் கனரக வாகன வரி, புது லாரி வாங்கினால் விலையில் 12 சதவீதம், டயருக்குத் தனி.

எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். கண்டெய்னரை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு ரயில் போகிறது. அது குடிக்கிற டீசலுக்கு இந்த வரி இல்லை. நாங்களும் அவர்களும் தூக்குவது ஒரே சரக்கு, எரிப்பது ஒரே எண்ணெய். இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஏப்ரல் 13

ஒரு திருத்தம். வரியே இல்லை என்கிற மாதிரி எழுதிவிட்டேன். நிலத்தடி எண்ணெய்த் தொட்டிக் கசிவுக்கான நிதிக்குக் காலனுக்கு 0.1 சென்ட் ரயிலும் கட்டுகிறது. ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு.

ஏப்ரல் 15

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "அங்கே தண்டவாளத்தை யார் பராமரிக்கிறார்கள்?"

ஐயா, இரண்டு நாளாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். நம் ஊரில் தண்டவாளமும் அரசுடையது, ரயிலும் அரசுடையது, டீசல் வாங்குவதும் அரசு. அதனால் இந்தக் கணக்கு அங்கே எழுவதே இல்லை. இங்கே சரக்கு ரயில் கம்பெனிகள் தனியார். தண்டவாளம், பாலம், சிக்னல், அதற்கு அடியில் இருக்கிற மண் வரைக்கும் அவர்களுடையது. ஸ்லீப்பர் மாற்றுவதும் ஜல்லி கொட்டுவதும் அவர்கள் செலவு. புது முதலீடும் பராமரிப்புமாக ஆண்டுக்கு 2,000 கோடி டாலருக்கு மேல் போடுகிறார்கள். அந்த நிலத்துக்குச் சொத்து வரியும் கட்டுகிறார்கள், பல கிராமப்புற கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) பள்ளிக்கூடம் நடப்பதில் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் லாரி ஓடுகிற ஐ-80 நெடுஞ்சாலைக்கு யாரும் சொத்து வரி கட்டுவதில்லை.

நான் கட்டுகிற 24.4 சென்ட் ஏறக்குறைய முழுதும் நெடுஞ்சாலை நிதிக்குப் போகிறது. 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளைப் போடுவதற்காகவே ஏற்படுத்திய நிதி. அதாவது இது சாலையில் ஓடுவதற்கான கட்டணம், டீசலை அளவுகோலாக வைத்து வசூலிக்கிறார்கள், அவ்வளவுதான். வயலில் உழுகிற டிராக்டருக்கும் இந்த வரி கிடையாது. சாலைக்கு வராத டீசலில் சிவப்புச் சாயம் கலந்து விற்பார்கள், அதைச் சாலையில் ஓடும் லாரியில் ஊற்றிப் பிடிபட்டால் அபராதம் குறைந்தது 1,000 டாலர், அல்லது காலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது. ரயிலை நான் திட்டுவதென்றால் டிராக்டரையும் திட்ட வேண்டும். டிராக்டர் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை.

"விலக்கு" என்ற சொல்லை நான்தான் யோசிக்காமல் போட்டேன். தோசையே சாப்பிடாதவனிடம் தோசைக்குக் காசு வாங்கவில்லை என்றால் அதற்குப் பெயர் சலுகை ஆகாது.

ஏப்ரல் 16

"நிலத்தை அரசுதானே இனாமாகக் கொடுத்தது" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். 1850க்கும் 1871க்கும் இடையில் கொடுத்தது உண்மை, ஏராளமாகவே கொடுத்தது. அதற்குப் பதிலாக அரசுச் சரக்கையும் படைகளையும் குறைந்த கட்டணத்தில் ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனை 1946 வரை ஓடியது. பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலம் அது என்பது வேறு கணக்கு, அதை யாரும் தீர்க்கவில்லை. ஆனால் இன்றைய டீசல் வரிக்கு அதை ஆதாரமாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20

ஞாயிற்றுக்கிழமை. உட்கார்ந்து பழைய சட்டங்களைப் புரட்டினேன். ரயில் எப்போதும் வரி கட்டாமல் இருந்தது என்று நினைத்திருந்தேன், அதுவும் தவறு.

1990இல் பட்ஜெட் பற்றாக்குறையைக் குறைக்க ரயில் டீசலுக்குக் காலனுக்கு 2.5 சென்ட் போட்டார்கள். 1993இல் எல்லா எரிபொருளுக்கும் 4.3 சென்ட் ஏற்றினார்கள். இன்று நான் கட்டுகிற 24.4 அந்த வருடம் நின்ற இடம்தான், அதற்குப் பிறகு ஒரு சென்ட்கூட ஏறவில்லை. 1997இல் லாரியும் காரும் கட்டுகிற 4.3 சென்ட்டைப் பற்றாக்குறைக் கணக்கிலிருந்து எடுத்து நெடுஞ்சாலை நிதிக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் என்ன ஆனது பாருங்கள். நாங்கள் கட்டிய காசு எங்கள் சாலைக்கே திரும்பி வந்தது. ரயிலும் படகும் கட்டிய 4.3 சென்ட் மட்டும் பற்றாக்குறையைக் குறைக்க என்ற பெயரிலேயே கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1998 முதல் 2001 வரை பட்ஜெட்டில் பற்றாக்குறையே இல்லை, உபரி. அப்போதும் வசூலித்தார்கள். 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் படிப்படியாகக் குறைத்து 2007 ஜனவரி 1இல் ஒழித்தார்கள்.

நான் முதலில் "விலக்கு" என்று சொன்னது இதைத்தான். பத்து வருடம் போட்டியாளர் மட்டும் கட்டிய ஒரு வரியை எடுத்ததற்குப் பெயர் சலுகையா? இல்லை. அதே 2004 சட்டத்தில் சின்ன ரயில் கம்பெனிகள் தண்டவாளம் பழுது பார்க்க ஒரு வரிக்கழிவும் வந்தது, 2020 டிசம்பரில் அதை நிரந்தரமாக்கினார்கள். அது உண்மையான சலுகை. அதை வேண்டுமானால் தனியாகப் பேசலாம், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பல சிற்றூர்த் தானியக் கிடங்குகளுக்கு அந்தச் சின்னப் பாதைகளை விட்டால் வேறு தடம் இல்லை.

ஏப்ரல் 21

படகைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஆற்றில் ஓடும் சரக்குப் படகுகள் காலனுக்கு 29 சென்ட் கட்டுகின்றன, 2015 ஏப்ரல் முதல். அதற்கு முன் 20. அந்தப் பணம் நீர்வழி நிதிக்குப் போய் லாக் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) கட்டுகிற செலவில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. லாக்கை இயக்குவதும் பராமரிப்பதும் ராணுவப் பொறியாளர் படை, அது பொதுப் பணம். ஆக மூன்று வழியில் ஒன்று மட்டும்தான் தன் பாதைக்குத் தானே முழுதாகச் செலவு செய்கிறது.

அலபாமாவில் மாநில அரசு வேறு வழியில் முயன்றது. ரயில் டீசலுக்கு 4 சதவீத விற்பனை வரி, லாரிக்கு அது இல்லை, பதிலாகக் காலனுக்கு 19 சென்ட் மாநில வரி, படகுக்கு இரண்டுமே இல்லை. ரயிலுக்கு எதிராக மாநிலங்கள் பாரபட்சமாக வரி போடக் கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சிஎஸ்எக்ஸ் என்ற ரயில் கம்பெனி வழக்குப் போட்டது. லாரி கட்டுகிற மாற்று வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், லாரி விஷயத்தில் சரி, படகை மட்டும் விட்டதற்குக் காரணம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. எனக்கு இதில் பிடித்தது அந்த முதல் பகுதி. வரியின் பெயரை விட்டுவிட்டு, யார் எதற்கு எவ்வளவு கட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள்.

ஏப்ரல் 28

இஃப்டா முடிந்தது. கென்டக்கி கணக்கைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. அங்கே 60,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள லாரிக்கு மைலுக்கு 2.85 சென்ட், டீசல் வரிக்கு மேல் தனியாக. ஓரிகனில் இன்னும் நேராக இருக்கிறது: கனரக லாரிக்கு டீசல் வரியை விட்டுவிட்டு எடையையும் மைலையும் வைத்தே வசூலிக்கிறார்கள். நியூயார்க், நியூ மெக்சிகோ இரண்டிலும் தனிப் படிவங்கள். இத்தனை வருடம் இந்தப் படிவங்களைத் தலைவலி என்றுதான் சொல்லி வந்தேன். இன்று நிரப்பும்போது, நியாயமான வரி என்று ஏதாவது இருந்தால் இதுதானே என்று பட்டது.

எங்கள் ஊரிலிருந்து ஐ-80இல் மேற்கே போனால் ஆட்டவா என்ற ஊர் வரும். அங்கே 1958 முதல் 1960 வரை வட்டமாகச் சாலை போட்டு, ராணுவ வீரர்களை வைத்து லாரிகளை இரண்டு வருடம் ஓயாமல் ஓட்டினார்கள், எந்த எடைக்குச் சாலை எப்படி உடைகிறது என்று பார்க்க. அதில் கிடைத்த விதிதான் இன்றும் பேசப்படுகிறது: அச்சின் மேல் எடை இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. 80,000 பவுண்டு லாரி ஒன்று எத்தனை ஆயிரம் காருக்குச் சமம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். கனரக லாரிகள் தாங்கள் வைக்கிற செலவை முழுதாகக் கட்டுவதில்லை என்று நெடுஞ்சாலை நிர்வாகமே 1997இல் கணக்குக் காட்டியது. அன்று முதல் டீசல் வரி அசையவில்லை, 550 டாலர் வரியின் உச்சவரம்பு 1984இல் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. சம்பளம் லாரியிலிருந்து வருகிறது. ஆனால் 12ஆம் தேதி நான் எழுதிய அந்த "எங்களுக்கு மட்டும்" என்ற குறை, எண்களைப் போட்டபோது நிற்கவில்லை.

ஏப்ரல் 29

ஒருவர்: "நியாயத்தை விடுங்கள், நெடுஞ்சாலை நிதியில் ஓட்டை இருக்கிறது, ரயிலிடம் வாங்கி அடையுங்கள்."

பெரிய ரயில் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து வருடத்துக்குச் சுமார் 300 கோடி காலன் டீசல் எரிக்கின்றன. முழு 24.4 சென்ட் போட்டாலும் 73 கோடி டாலர். 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தில் மட்டும் பொதுக் கஜானாவிலிருந்து அந்த நிதிக்குக் கொடுத்தது 11,800 கோடி டாலர். 2008 முதல் இப்படித்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மே 2

அப்புறம் அந்த 73 கோடியை யார் கொடுப்பார்கள் என்றும் பார்க்க வேண்டும். ரயில் கம்பெனிகள் டீசல் விலை ஏறினால் எரிபொருள் கூடுதல் கட்டணம் என்று சரக்கு அனுப்புபவரிடம் வாங்கிவிடும். எங்கள் தொழிலிலும் உண்டு, ஆனால் எங்களிடம் பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த லாரிக்குப் போகலாம். மொன்டானாவில் கோதுமை விளைவிப்பவருக்குப் பக்கத்தில் ஒரே ரயில்தான். 2007 ஜனவரியில், ரயில் கம்பெனிகளைக் கண்காணிக்கிற மத்திய அமைப்பான தரைவழிப் போக்குவரத்து வாரியமே தலையிட்டு, அடிப்படைக் கட்டணத்தின் சதவீதமாக அந்தக் கூடுதலைக் கணக்கிடுவது நியாயமில்லை என்று தடுத்தது, ஏனென்றால் ஏற்கனவே அதிகம் கொடுப்பவரிடமே மேலும் அதிகம் பறிக்கிற ஏற்பாடாக அது இருந்தது. வரியைப் போட்டால் அது முதலில் இறங்குவது அந்த விவசாயி தலையில்.

எங்கள் லாரிகளுக்கு வரும் வேலையில் பாதி ரயில் கொண்டுவந்து இறக்குகிற கண்டெய்னர். லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்திலிருந்து இரண்டாயிரம் மைல் ரயிலில் வருகிறது, யார்டிலிருந்து கடைசி 40 மைல் எங்களுடையது. அந்த இரண்டாயிரம் மைலும் லாரியில் வந்தால் ஐ-80 என்ன ஆகும் என்று யோசிக்கிறேன். ஒரு டன்னை ஒரு மைல் தூக்க லாரிக்கு ஆகிற டீசலில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் ரயிலுக்கு ஆகிறது.

மே 9

இவ்வளவு எழுதியபின் ரயிலுக்கு வக்காலத்து வாங்குகிறவன் ஆகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். நேற்று நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் டிரைவர் ஒருவர் யார்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டார். ரயில் கடக்கவில்லை, குறுக்கே நின்றுவிட்டது. ஐம்பத்தைந்து நிமிடம். டிரைவர் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து 14 மணிநேரம் ஆனால் அதற்குமேல் ஓட்டக் கூடாது என்பது சட்டம், கேட்டுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கடிகாரம் ஓடும். அவர் வீட்டுக்கு வர முடியாமல் லாரியிலேயே படுத்தார். மகளுக்குப் பிறந்தநாள். என்னிடம் போனில் கோபப்படக்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை.

இப்படிக் கிராசிங்கை மறித்து நிற்க இத்தனை நிமிடம்தான் என்று மத்திய சட்டம் எதுவும் இல்லை. மாநிலம் சட்டம் போட்டு அபராதம் விதித்தால் செல்லாது, ரயில் மத்திய அரசின் அதிகாரம் என்று ஓஹாயோ உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது, நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் அந்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, கிராசிங்கில் கேட்டும் மணியும் விளக்கும் போடுவது யார் காசு? பெரும்பாலும் எங்கள் காசு. கிராசிங் பாதுகாப்புக்கு என்று நெடுஞ்சாலை நிதியிலிருந்து ஆண்டுக்கு 24.5 கோடி டாலர் ஒதுக்குகிறார்கள், காலனுக்கு 24.4 சென்ட் கட்டுகிறவர்களின் பணம். மணியும் கேட்டும் உள்ள கிராசிங்கை ஒழித்து மேம்பாலம் கட்ட மத்திய நெடுஞ்சாலைப் பணம் வந்தால் ரயில் கம்பெனியின் பங்கு 5 சதவீதம். கேட்டு மட்டும் போட்டால் அதுவும் இல்லை.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. டென்னசியில் பாலச் செலவில் பாதியை ரயில் தர வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1935இல் உச்ச நீதிமன்றம், காலம் மாறிவிட்டது, இப்போது சாலை வழியாக ஓடும் லாரியும் பஸ்ஸும் ரயிலுக்குப் போட்டி, போட்டியாளரின் வசதிக்கு ரயிலைச் செலவு செய்யச் சொல்வது எப்படி நியாயம் என்று கேட்டது. அன்றைக்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். ரயில் இரண்டு மைல், மூன்று மைல் நீளமாகி, ஊரை நடுவில் இரண்டாக வெட்டிக்கொண்டு நிற்கும்போது, கிராசிங் பிரச்சினை சாலையால் மட்டும் வருகிறது என்று இன்று சொல்ல முடியுமா?

மே 10

ராத்திரி தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டேன். 300 கோடி காலனுக்குக் காலனுக்கு 8 சென்ட் என்றால் 24 கோடி டாலர். நெடுஞ்சாலை நிதி கிராசிங்குக்குக் கொடுக்கிற தொகை ஏறக்குறைய அப்படியே.

இதை நான் ஆதரிப்பேன். கஜானாவுக்கு என்று வாங்காமல் கிராசிங் நிதி என்று தனியாக வைத்து, ரயிலும் சாலையும் பாதிப் பாதி போடட்டும். அதோடு ஓரிகன் மாதிரி லாரிக்கு எடை, மைல் கணக்கில் நாடு முழுதும் கட்டணம். மொன்டானா விவசாயியைப் பற்றி மே 2இல் எழுதியதை மறக்கவில்லை. 8 சென்ட்டும் அவரிடம் வரும். ஆனால் அவர் ஊர்ப் பள்ளிப் பேருந்தும் அந்தக் கிராசிங்கைத்தான் கடக்கிறது.

மே 11

"டீசலுக்கு ஏன், ரயில் மறித்து நிற்கும் நிமிடத்துக்கு வசூலிக்கலாமே" என்று பெரியவர் கேட்கிறார். ஐயா, என் யோசனையைவிட இது மேல். எரிகிற டீசலுக்கும் மறித்து நிற்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை, நிற்கிற ரயில் குறைவாகத்தான் எரிக்கும். கிராசிங் மறிப்பைப் பொதுமக்கள் பதிவு செய்ய மத்திய ரயில் நிர்வாகம் 2019 முதல் ஒரு தளம் வைத்திருக்கிறது. எல்லாக் கிராசிங்கிலும் கருவி வைத்து அளக்கும்வரை 8 சென்ட்டை விட மாட்டேன், ஆனால் போக வேண்டிய இடம் நீங்கள் காட்டியதுதான்.

மே 19

முதலாளியிடம் இதையெல்லாம் சொன்னேன். கென்டக்கி விகிதம் நாடு முழுதும் வந்தால் ஒரு லாரிக்கு வருடம் 2,850 டாலர் கூடும் என்ற எண்ணையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லா லாரிக்கும் ஒன்றாகப் போட்டால் நான் வாடகையில் ஏற்றிக்கொள்வேன், என்னை மட்டும் போட்டால் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். ரயில்காரர்கள் 1997க்கும் 2007க்கும் இடையில் சொன்னதும் கிட்டத்தட்ட இதே.

ஆகஸ்ட் 3

இந்த விவாத இழை தூங்கிவிட்டது, ஒரு செய்தி வந்ததால் எழுதுகிறேன். பெரிய ரயில் கம்பெனிகளான யூனியன் பசிபிக்கும் நார்ஃபோக் சதர்னும் ஒன்று சேரப் போவதாக ஜூலை 29இல் அறிவித்திருக்கிறார்கள், 8,500 கோடி டாலர் பேரம். தரைவழிப் போக்குவரத்து வாரியம் அனுமதித்தால் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை ஒரே கம்பெனி. வாரியத்தின் விசாரணையில் கட்டணம், போட்டி, கண்டெய்னர் என்று ஆயிரம் பேசுவார்கள். கிராசிங்கும் பேசப்பட வேண்டும், ஏனென்றால் ஒரே ரயிலாக இன்னும் தூரம் போகும்போது அதை இன்னும் நீளமாகக் கோர்க்கத்தான் தோன்றும்.

நம் பக்கத்தில் மேம்பாலம் ஒன்றுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் வரும் செவ்வாய் மாலை 6 மணிக்கு. அந்த டிரைவரும் வருகிறார். செலவில் ரயிலின் பங்கு 5 சதவீதம்தானா, யார் தீர்மானித்தது என்று கேட்கப் போகிறேன். மூன்று நிமிடம்தான் பேச விடுவார்கள், பெரியவர் சொன்ன நிமிடக் கணக்கையும் அதற்குள் சொல்லிவிட வேண்டும். பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது வர முடிந்தால் வாருங்கள்.